நவீனத்துவர் என்று யாரைச் சொல்கிறோம்?

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சு இல்லை இது. இன்னொரு டம்ளருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இன்று நாம் ஒரே ஒரு சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு பேசப்போகிறோம்: நவீனத்துவர். புத்தகத் திருவிழா மேடைகளில் கேட்டிருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் படித்திருப்பீர்கள். சிறுகதை எழுத்தாளர் மௌனி ஒரு நவீனத்துவர் என்பார்கள். புதுமையை விரும்பியவர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நாமும் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அப்படி ஊகிப்பது இயல்புதான். ஆனால் அந்த ஊகத்தோடு மௌனியைத் திறந்தால் திகைப்புதான் மிஞ்சும். அவர் கதைகளில் புத்தம்புது சாமான் எதுவும் கிடையாது. பழைய கோயில், தூண், இருட்டு, எதிரே உட்கார்ந்து தன்னை மறந்து பேசுகிற ஒரு மனிதன், அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்திலிருந்தே தொடங்குவோம். தெற்கு வாசல் ராஜகோபுரம், 13 நிலை, 236 அடி. வெளியூர்க்காரர்கள் அதன் அடியில் அண்ணாந்து நின்று, எந்த ராஜா கட்டினாரோ என்று வியப்பார்கள். உள்ளூரில் வயதானவர்களைக் கேட்டால் அது மொட்டைக் கோபுரமாக நின்ற நாட்களைச் சொல்வார்கள். அடிப்பகுதிக் கல்வேலை மட்டும்தான் பழையது. அதற்குமேல் எழும்பாமல் ஏறத்தாழ 400 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகிய சிங்கர் 1979-இல் வேலையைக் கையிலெடுத்தார். 1987 மார்ச் 25-இல் கும்பாபிஷேகம் நடந்தது. செங்கல், சிமெண்ட், இரும்புக் கம்பி எல்லாம் நம் காலத்துச் சரக்கு. ஒரு நிலைக்கான செலவை இளையராஜா ஏற்றுக்கொண்டார். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையைவிட இந்தக் கோபுரம் வயதில் இளையது.

இப்போது பாண்டிச்சேரிக்கு ஒரு நடை போய்வரலாம். அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டே என்று ஒரு விடுதி இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, 1937-இல் வேலை தொடங்கி, 1945 வாக்கில் முடிந்தது. வெறும் கான்கிரீட். தெருப்பக்கச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், சாய்த்துத் திறக்கவும் மூடவும் வசதியான கிடைப்பலகைகள், அறைக்கு அறை, மாடிக்கு மாடி. காற்று உள்ளே வரும், வெயில் வராது. சுதை வேலை இல்லை, வளைவு இல்லை, தூணில் பூ இல்லை. கான்கிரீட்டைப் பூசி மறைத்துக் கல்லைப்போலக் காட்டவும் இல்லை.

இரண்டையும் அருகருகே நிறுத்துங்கள். 1987-இல் முடிந்தது ராஜகோபுரம். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னால் முடிந்தது கோல்கொண்டே. ஆனால் நவீனத்துவக் கட்டடம் என்று கலை வரலாறு சொல்வது பின்னதைத்தான். கோபுரம் புதிய பொருளைக் கொண்டு பழைய இலக்கணத்தைத் தொடர்கிறது. எத்தனை நிலை, எங்கே சாலை, எங்கே கலசம் என்பதெல்லாம் ஸ்தபதிகள் வழிவழியாக அறிந்தவை. அதில் குறை ஒன்றும் இல்லை, அதைத்தான் அந்தக் கோபுரம் செய்ய வேண்டும். கோல்கொண்டே கட்டியவர்கள் முதல் கேள்வியிலிருந்தே தொடங்கினார்கள்: சுவர் எதற்கு? ஜன்னல் எதற்கு? கான்கிரீட் என்ற பொருளுக்கு எது இயல்பான வடிவம்? வழக்கமாக வருகிற வடிவத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள மறுப்பதுதான் நாம் தேடுகிற சொல்லின் முதல் அடையாளம். கட்டிய ஆண்டு அதற்கு அடுத்தபடிதான்.

இங்கே மூன்று சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். காவிரியில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் யாரையும் கேட்டு வருவதில்லை. ஓயாமரி பக்கமும் வரும், அம்மா மண்டபம் பக்கமும் வரும். நவீனம் என்பது அந்த வெள்ளம். ரயில், தந்தி, ஆபீஸ் வேலை, மாதச் சம்பளம், அச்சுப் புத்தகம், பெண்கள் பள்ளிக்கூடம், சாதிப்படி செய்துவந்த தொழிலை விட்டு வெளியேறுவது, எல்லாம் அதில் அடங்கும். வந்த தண்ணீருக்கு மதகு வைத்து, வாய்க்கால் வெட்டி, நாலு வயலுக்குத் திருப்பிவிடுகிறார்களே, அது நவீனமாக்கல். அரசாங்கம் செய்யும், பொறியாளர் செய்வார், சீர்திருத்தக்காரர் செய்வார். மூன்றாவதாக ஒருவர், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கால் தரையில் படுகிறதா இல்லையா, பக்கத்தில் நிற்பவர் உண்மையில் யார், நேற்றுவரை தெரு இருந்த இடம் எது என்று பார்த்து, அந்தத் தடுமாற்றத்துக்கே ஒரு உருவம் கொடுக்கிறார். அவரைத்தான் நவீனத்துவர் என்கிறோம். வெள்ளத்தை அவர் வரவேற்றிருக்கலாம், வெறுத்திருக்கலாம். அதைப் பொறுத்ததில்லை அந்தப் பெயர்.

எல்லாருக்கும் வருகிற ஒரே குழப்பம் இந்த இடத்தில்தான். நவீனத்துவர் என்றால் நவீன வாழ்க்கையின் ஆதரவாளர், பழமைக்கு எதிரி என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் நவீனத்துவர்களில் பெரிய பேர்கள் பலர் நவீன உலகத்தைக் கண்டு கலங்கியவர்கள், சிலர் அதைக் கண்டித்தவர்கள். ஆங்கிலக் கவிதையை 1922-இல் புரட்டிப்போட்ட டி.எஸ். எலியட், 1928-இல் தன்னைப் பற்றி அறிவித்தது என்ன தெரியுமா? இலக்கியத்தில் தான் செவ்வியல்காரன், அரசியலில் மன்னராட்சியின் பக்கம், மதத்தில் ஆங்கிலோ கத்தோலிக்கன் என்பதுதான். ஆங்கிலக் கவிதையில் நவீனத்துவம் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிற பெயர்களில் ஒன்று அவருடையது.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். தமிழில் புதுக்கவிதைக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிற ந. பிச்சமூர்த்தி, கும்பகோணத்துக்காரர், 1900-இல் பிறந்தவர். யாப்பை விட்டு வெளியே வந்து 1934-இலேயே கவிதை எழுதியவர். பிழைப்புக்கு முதலில் வக்கீல் தொழில். பிறகு பல ஆண்டுகள் இந்து அறநிலையத் துறையில் கோயில் நிர்வாக அதிகாரி. நீளத் தாடி, வேதாந்த நாட்டம். உண்டியல் கணக்கும் கோயில் நிலக் குத்தகையும் பார்த்த அதே கைதான், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கவிதை நடந்த பாதையை மாற்றிவிட்டது. கோயிலுக்குள் இருந்தவர் கோயிலை விட்டு வராமலே நவீனத்துவர் ஆனார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிற செய்தி. பழமைக்கு எதிரிதான் நவீனத்துவர் என்ற கணக்கு அவரிடம் செல்லாது.

இன்னொரு சின்ன முடிச்சும் இருக்கிறது, அதையும் அவிழ்த்துவிடலாம். நவீன இலக்கியம் வேறு, நவீனத்துவ இலக்கியம் வேறு. பாரதிக்குப் பிறகு உரைநடையிலும் புது வடிவங்களிலும் வந்த எல்லாமே நவீன இலக்கியம்தான். அது பெரிய முற்றம். நவீனத்துவ இலக்கியம் அதில் ஒரு மூலை. கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை உதறினார். வாரப் பத்திரிகை, தொடர்கதை, லட்சக்கணக்கான வாசகர் என்று நவீன வாழ்க்கையின் கருவிகள் அத்தனையையும் கையாண்டவர். நவீன எழுத்தாளர், சந்தேகமே இல்லை. ஆனால் நவீனத்துவர் என்று அவரைச் சொல்வதில்லை. காரணம், கதை சொல்கிறவருக்கு எல்லாம் தெரியும், அவர் நம் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டே போவார், முடிச்சு விழும், அவிழும் என்ற நம்பிக்கை கல்கியிடம் குலையவே இல்லை. குலைய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆக, இது பாராட்டுப் பட்டம் இல்லை. ஒருவரை நவீனத்துவர் இல்லை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாக யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

வசைச்சொல்லாகவே இது புழங்கிய இடமும் உண்டு. திருச்சியில் அந்தக் கதைக்கு ஒரு சாட்சி நிற்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி. இயேசு சபைப் பாதிரியார்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சில கத்தோலிக்க அறிஞர்கள், பைபிளை மற்றப் பழைய நூல்களைப்போல வரலாற்றுக் கண்ணோடு ஆராயலாம் என்றார்கள். பிரான்சில் லோய்சி, இங்கிலாந்தில் டிரெல். டிரெல் இயேசு சபைக்காரர். 1906-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். 1907-இல் பத்தாம் பத்திநாதர் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் போப், இந்தப் போக்குக்கு நவீனத்துவம் என்று பெயர் சூட்டிக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். 1910 முதல், நவீனத்துவத்தை மறுக்கிறேன் என்று உலகமெங்கும் குருக்கள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. 1967-இல்தான் அது நீங்கியது. அந்த உறுதிமொழியில் வருகிற நவீனத்துவருக்கும் நம் மௌனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய தேவாலய வரலாறு எதையாவது படிக்கும்போது இந்தச் சொல் குறுக்கே வந்தால், இலக்கியத்தை மறந்துவிட்டுப் படியுங்கள்.

சரி, இலக்கியத்துக்கே திரும்புவோம். வடிவத்தைக் கேள்வி கேட்பது என்றால் கதையில் அது எப்படி நடக்கிறது? நாம் சேர்ந்தே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறலாம். ஸ்ரீரங்கத்தில் ஏறி சத்திரத்தில் இறங்குகிற ஒரு அம்மாளின் பயணம். வழக்கமான கதையாசிரியர் இப்படிச் சொல்வார்: பத்தரை மணிக்கு ஏறினாள், மாம்பழச்சாலை தாண்டியது, காவிரிப் பாலம் வந்தது, சத்திரத்தில் இறங்கி நகைக்கடைக்குப் போனாள். ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஆனால் அந்த அம்மாளின் மனசுக்குள் என்ன ஓடியது? கண்டக்டர் சில்லறை தரவில்லை, கேட்கலாமா. முன் சீட்டில் இருக்கிறவளின் பின்கழுத்தும் கொண்டையும் செத்துப்போன அத்தையைப் போலவே. அத்தை கடைசியாக என்ன சாப்பிட்டாள், ரசம் சாதம். பாலத்தில் ஏறியதும் கீழே மணல். அப்பா தோளில் உட்காரவைத்து ஆற்றில் இறங்கின அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு கலங்கல். கைப்பையில் வளையல் இருக்கிறதா, இருக்கிறது. இதை விற்கப் போவது அவருக்குத் தெரிந்தால். சில்லறை. அத்தையின் வளையல்தான் இது. பத்து நிமிஷப் பயணத்தில் நாற்பது வருஷம் முன்னும் பின்னும் போய்வந்துவிட்டாள். கடிகாரத்தின் வரிசை ஒன்று, மனசின் வரிசை வேறு. அந்த இரண்டாவது வரிசையைத் தொடர்ந்து எழுதுகிற முறைக்கு விமர்சகர்கள் நனவோடை என்று பேர் வைத்திருக்கிறார்கள். நனவு ஓடுகிறபடியே ஓடவிடுவது.

இரண்டாவது முறையில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? வளையலை ஏன் விற்கிறாள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமாகத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாம் அறிந்த கதைசொல்லி நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். நவீனத்துவக் கதை கஷ்டமாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். எழுதியவர் வேண்டுமென்றே சிக்கலாக்கினார் என்று கோபப்பட வேண்டியதில்லை. ஒருவரின் மனசை வெளியிலிருந்து முழுசாகச் சொல்லிவிட முடியும் என்று அவர் நம்பவில்லை. நம்பாததை எழுதவும் அவர் தயாராக இல்லை.

இந்த நம்பிக்கைக் குலைவு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் முதல் உலகப்போர் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போயிற்று. ஃப்ராய்ட் வந்து, உன் மனசு உனக்கே முழுசாகத் தெரியாது என்றார். ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாமல் போயிற்று. நம் ஊரில் போர் அந்த அளவில் வரவில்லை. ஆனால் டெல்டாவின் அக்ரகாரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பி.ஏ. படித்துவிட்டு வெளியே வந்த ஒரு தலைமுறை, திரும்பிப் போக ஊரும் இல்லாமல் நிலைத்து நிற்க வேலையும் இல்லாமல் நடுவில் நின்றது. 1933-இல் அரசியல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1935-இல் பி.எஸ். ராமையா கையில் சிறுகதைப் பத்திரிகையான மணிக்கொடியில் எழுதியவர்களில் பலர் அந்தத் தலைமுறைதான்.

மணிக்கொடி சென்னைப் பத்திரிகை. அது நின்றபின் விளக்கு அணையாமல் காத்தது நம் திருச்சி ஜில்லா. இதை நான் கொஞ்சம் பெருமையோடேதான் சொல்கிறேன். 1942-இல் திருச்சியிலிருந்து கலாமோகினி வந்தது. நடத்தியவர் சாலிவாஹனன் என்ற பெயரில் கவிதை எழுதிய வி.ரா. ராஜகோபாலன். அடுத்த ஆண்டு துறையூரில் கிராம ஊழியன் என்ற பத்திரிகை இலக்கியத்தின் பக்கம் திரும்பியது. பேரைப் பார்த்தால் விதைநெல்லும் பஞ்சாயத்தும் பற்றி எழுதும் பத்திரிகை மாதிரி இருக்கும். அதில் திருலோக சீதாராமும் கு.ப. ராஜகோபாலனும் சேர்ந்தார்கள். யாப்பில்லாத கவிதையை அச்சிட அஞ்சாத இடங்களாக இந்த இரண்டு பத்திரிகைகளும் இருந்தன. உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது, காகிதத்துக்குக் கட்டுப்பாடு, அதற்கு நடுவில் கொல்லிமலைச் சாரலுக்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலை. கு.ப.ரா. 1944 ஏப்ரலில் 42 வயதில் இறந்தார். பிறகு வல்லிக்கண்ணன் ஆசிரியராக இருந்து 1947 வரை கொண்டுபோனார். இந்த வரலாற்றை அவரே புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும் என்ற நூலில் விரிவாக எழுதி, அதற்கு 1978-இல் சாகித்திய அகாதமி பரிசும் பெற்றார்.

கு.ப.ரா. எழுதிய விடியுமா என்ற கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கதை நிகழ்ச்சியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சென்னை ஆஸ்பத்திரியில் கணவன் அபாய நிலையில் இருக்கிறான் என்று கும்பகோணத்துக்குத் தந்தி வருகிறது. மனைவி குஞ்சம்மாளும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலில் புறப்படுகிறார்கள். காலையில் போய்ச் சேரும்போது அவன் இறந்துவிட்டிருக்கிறான். வேறொருவர் எழுதியிருந்தால் ஆஸ்பத்திரிக் காட்சியில் அழுகையைக் கொட்டியிருப்பார். கு.ப.ரா. கிட்டத்தட்ட கதை முழுவதையும் அந்த ரயில் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். அக்காவும் தம்பியும் பேசுவது கொஞ்சம், பேசாமல் இருப்பது அதிகம். நம்பிக்கை தலைதூக்கும், உடனே விழும். கணவன் மனைவிக்கு நடுவில் இருந்தது என்ன என்பதும் அங்கங்கே தெரிந்தும் தெரியாமலும் வரும். கடைசியில் சாவு உறுதியானதும், துக்கத்தோடுகூட, ராத்திரி முழுக்க மென்னியைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. அதை நிம்மதி என்று சொன்னால் கொடுமையாக இருக்கும், துக்கம் என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அதற்குத் தமிழில் அதுவரை யாரும் இடம் கொடுத்ததில்லை. எல்லா விமர்சகர்களும் கு.ப.ரா.வை முழு நவீனத்துவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் என்பது என் அபிப்பிராயம்.

வாசலைத் தாண்டி நேரே இருட்டுக்குள் நடந்தவர் மௌனி. 1907-இல் பிறந்து 1985 வரை இருந்தார். எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள்தான். புதுமைப்பித்தன் அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார். 1937-இல் வந்த அவருடைய அழியாச்சுடரில் ஒரு கோயில் வருகிறது, ஒரு யாளி வருகிறது. யாளியை நாம் எங்கும் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில், முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரைத் தூண்களைப் பார்த்தவர்களுக்குக் கல் மிருகங்கள் புதிதில்லை. வழிகாட்டி ஒருவர் அந்தத் தூணைக் காட்டி, விஜயநகரத்தார் காலம், ஒரே கல், வீரனின் ஈட்டியைப் பாருங்கள் என்பார். தூண் வெளியே இருக்கிறது, நாம் பார்க்கிறோம். மௌனியின் கதையில் அந்த வேலி பிரிந்துவிடுகிறது. பார்க்கிறவன் மனசின் கொதிப்பு கல்லில் ஏறி, யாளி அவனைப் பார்க்கிறது. எது வெளியே நடந்தது, எது உள்ளே நடந்தது என்று கதையை முடித்த பிறகும் நம்மால் அறுதியிட முடியவில்லை. பழைய கோயில், பழைய கல், பழைய காதல். பார்க்கிற முறை மட்டும் அதுவரை தமிழில் இல்லாதது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கிறார் ஸ்ரீரங்கத்தின் செல்லப் பிள்ளை சுஜாதா. பாட்டி வீட்டில் வளர்ந்து, ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்தவர். கம்ப்யூட்டரையும் ரோபோ நாயையும் தமிழ் வாசகர் வீட்டுக்கு அழைத்துவந்தவர். நவீனம் என்றால் தமிழ்நாட்டில் முதலில் அவர் முகம்தான் பலருக்கு நினைவில் வரும். அப்படியானால் அவர் நவீனத்துவரா? பெரும்பாலும் இல்லை என்றுதான் நான் சொல்வேன். சித்திரை வீதிக் கதைகளில் வருகிற சொல்முறை நமக்கு நன்றாகப் பழகியது: கெட்டிக்காரப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சுருக்கென்று சொல்கிறான், கடைசி வரியில் ஒரு திருப்பம். அவர் உரைநடையின் வேகம் புதிது; தமிழ் வாக்கியத்தையே இளைக்கவைத்தவர் அவர். ஆனால் உலகத்தைத் தெளிவாகப் பார்த்துச் சொல்லிவிட முடியும் என்ற தைரியம் அந்தக் கதைகளில் ஆடவில்லை.

அதற்காகக் கோடு போட்டுப் பிரித்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். அதே சுஜாதாவின் நகரம் என்ற கதையில், மகளுக்குக் காய்ச்சல் என்று மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற கிராமத்துத் தாய், சீட்டுகளுக்கும் வரிசைகளுக்கும் அறை எண்களுக்கும் நடுவில் தொலைந்துபோகிறாள். ஆசிரியர் எந்த இடத்திலும் அவளுக்காகக் குரல் உயர்த்துவதில்லை. ஆஸ்பத்திரியின் பாஷை ஒருபக்கம், அவள் பாஷை ஒருபக்கம் என்று வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். அங்கே நவீனத்துவத்தின் காற்று நன்றாகவே வீசுகிறது. ஆளுக்கு ஒட்டுவதைவிட, இந்தச் சொல்லைப் படைப்புக்கு ஒட்டுவது நியாயம். இந்த ஊரின் இலக்கியப் பாதை எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஒரு சின்னத் தகவலும் சொல்லிவிடுகிறேன். துறையூரில் கு.ப.ரா.வோடு இருந்த திருலோக சீதாராம் பிற்பாடு திருச்சியில் சிவாஜி என்ற பத்திரிகை நடத்தினார். 1953-இல் ரங்கராஜன் என்ற இளைஞரின் முதல் கதை அச்சானது அதில்தான். சுஜாதா என்ற பேர் வருவதற்கு முன்னால். திருலோக சீதாராம் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் சித்தார்த்தனையும் தமிழாக்கினார். ஜெர்மன் மூலம் வெளிவந்த ஆண்டு 1922. எலியட்டின் பாழ்நிலமும் ஜாய்ஸின் யுலிசஸும் வெளிவந்த அதே ஆண்டு.

சொல்லைப் புழங்குவதில் ஒன்றிரண்டு கவனம் வேண்டும். நவீனத்துவவாதி என்று எழுதுவதைவிட நவீனத்துவர் என்பது பொருந்தும். வாதி என்றால் கொடி பிடித்தவர் மாதிரி இருக்கிறது. மணிக்கொடிக்காரர்களும் துறையூர்க்காரர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளவே இல்லை; தாங்கள் செய்வது மறுமலர்ச்சி என்றுதான் நினைத்தார்கள். நவீனத்துவம் என்ற பேர் பின்னால் வந்த விமர்சகர்கள் திரும்பிப் பார்த்து வைத்தது. 1990-களில் பின்நவீனத்துவம் பற்றிய சர்ச்சை தமிழில் சூடுபிடித்த பிறகு, அதற்கு முந்தியதை இது ஒரு காலகட்டம் என்று வேலி கட்டிப் பார்ப்பது இன்னும் பெருகியது. ஆகவே இன்றைக்கு ஒரு இளைஞர் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கதை எழுதினால், அதற்காக அவர் நவீனத்துவர் ஆகிவிட மாட்டார். 1937-இல் யாளியைப் பற்றி எழுதியவர்தான் நவீனத்துவர்.

படித்துப் பார்க்க ஆசை வந்திருந்தால், மௌனியை முதலில் எடுக்க வேண்டாம். விடியுமாவில் தொடங்குங்கள், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு நகரம். அதற்கப்புறம் ஒரு நாள், வீட்டில் யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்து அழியாச்சுடர். முதல் வாசிப்பில் கதை கையில் நிற்காமல் வழுக்கும். விட்டுவிட்டு நாலு நாள் கழித்து மறுபடி எடுங்கள். அந்தக் கதை இரண்டாவது வாசிப்புக்கென்றே எழுதப்பட்டது.